மம்மட்டிக் காம்பில் ஒரு பேனா

1978 ஆகஸ்ட் 9

இன்றும் இரண்டு பேனா வெடித்துவிட்டது. கட்டையில் ஈரம். லேத்தில் சுற்றும்போது நல்ல பிள்ளையாக இருக்கிறது. துளை போட்டு, ரீபிள் நுழைத்து, அப்பாடா என்று வைத்தால் மறுநாள் நீளவாக்கில் விரிசல். பட்டறை முதலாளி அர்ஜுனன் அண்ணன் சொன்னார்: "காயாத கட்டையும் உன்ன மாதிரி பையனும் ஒண்ணுடா அப்பாதுரை. எப்ப வெடிக்கும்னு எவனுக்கும் தெரியாது."

கட்டில் காலும் சப்பாத்திக் குழவியும் கடைகிற பட்டறை இது. பேனா புது வேலை. ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்திருக்கும் வெள்ளைக்காரர் ஒருவர் பன்னிரண்டு கேட்டிருக்கிறார். பிளாஸ்டிக் பேனா பிடித்தால் அவருக்கு மனம் அடங்கவில்லையாம். பி.யூ.சி. முடித்து மூன்று வருடமாக என் மனமும்தான் அடங்கவில்லை. எனக்கு யார் என்ன கடைந்து கொடுத்தார்கள்?

ஆகஸ்ட் 21

உரம் வாங்க அப்பாவுடன் சொசைட்டிக்குப் போனேன். குமாஸ்தா மைப் பெட்டியைத் தள்ளினான். அப்பாவின் கட்டைவிரலை, சந்தையில் ஆட்டின் காதைப் பிடிப்பதுபோலப் பிடித்து உருட்டினான். "மெதுவா வையி பெரிசு. மூணு பேரு கட்டத்துல நீ ஒருத்தனே உக்காந்துக்கற." வரிசையில் சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு மூட்டையைத் தூக்கினார்.

குமாஸ்தாவிடம் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. தேரடித் தெருவுக்கு வந்ததும் அப்பாவிடம் கத்தினேன். "கைநாட்டு! உன்னால எனக்கும் சேத்து மானம் போவுது." பூக்கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மூட்டையை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

நான் ஏன் அந்த மூட்டையை வாங்கிக்கொள்ளவில்லை?

ஆகஸ்ட் 24

மூன்று நாளாக என்னிடம் பேச்சில்லை.

செப்டம்பர் 2

சாப்பிட்டுக் கை கழுவும்போது, என்னைப் பார்க்காமலே கேட்டார்: "எம் பேர எழுதறதுக்கு எத்தன நாளு ஆவும்டா?"

என் பேனாவைக் கொடுத்தேன். விரல்களுக்குள் அது நிற்கவே இல்லை. நழுவி விழுந்தது. மறுபடி கொடுத்தேன். மறுபடி விழுந்தது. முப்பது வருடம் மம்மட்டி பிடித்த கை. அந்தப் பருமனுக்குத்தான் மடங்குகிறது. "தொடப்பக்குச்சியப் புடிக்கற மாதிரி கீதுடா" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து, "இந்த வயசுல கலெக்டர் உத்தியோகமா? வயல்ல களை அந்தாண்ட இடுப்பளவு நிக்குது" என்றாள். ஆனால் விளக்கை எங்கள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

செப்டம்பர் 10

போன வருடம் முறிந்த மம்மட்டிக் காம்பு கூரையில் செருகிக் கிடந்தது. வேல மரம். பல வருடம் அப்பாவின் உள்ளங்கை வியர்வையும் வெயிலும் பட்டு எலும்பாகக் காய்ந்திருந்தது. இதைவிட உலர்ந்த கட்டைக்கு எங்கே போவேன்? ஒரு சாண் அறுத்து எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

உளியை வைத்ததும் பொறி பறக்காத குறை. அத்தனை கெட்டி. மூன்று தடவை உளியைச் சாணை பிடித்தேன். மேலே இருந்த கறுப்பு சுருள் சுருளாக விழுந்தது. உள்ளே சிவப்பு. நடுவில் துளை போடும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன். ஒரு நூல் விலகினாலும் பக்கவாட்டில் பொத்துக்கொள்ளும். விலகவில்லை. உப்புத்தாள் பிடித்து, சுற்றும்போதே அரக்கை அழுத்தினேன். சூட்டில் உருகிப் பளபளவென்று ஏறியது. பிடிக்கும் இடத்தை மட்டும் மெலிய விடவில்லை. காம்பின் பருமனையே விட்டுவைத்தேன்.

அர்ஜுனன் அண்ணன் கையில் வாங்கி எடை பார்த்தார். "பேனாவாடா இது? உலக்கைக்குப் பொறந்த புள்ள மாதிரி கீது."

அப்பா பிடித்தார். விழவில்லை.

செப்டம்பர் 29

'இ' மட்டும் பதினோரு நாள். "இன்னாடா இது, பாம்பு படுத்த மாதிரி சுழிச்சிக்கினே போவுது?" என்கிறார். இருசப்பன் என்று பெயர் வைத்த தாத்தாவைத் திட்டுகிறார். ராமன் என்று வைத்திருந்தால் மூன்றே எழுத்தாம்.

அக்டோபர் 15

செங்கம் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். நெற்றிப் பலகையைக் காட்டி, "அதுல இன்னாடா எழுதிக்கீது? எம் பேருல வர்ற எழுத்து ஏதாச்சும் கீதா?" என்று கேட்டார். "அதெல்லாம் அப்புறம். மொதல்ல கையெழுத்து நேராவட்டும்" என்றேன். எனக்கு அவசரம். அந்தக் குமாஸ்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 3

பார்த்தேன்.

குமாஸ்தா மைப் பெட்டியைத் தள்ளினான். அப்பா அதைத் திருப்பி அவன் பக்கமே தள்ளினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நான்கு நிமிடம் ஆனது. "பெரிசு முடிக்கறதுக்குள்ள நான் மெட்ராஸ் போயி வந்துடுவேன்" என்று பின்னாலிருந்து ஒருவன். அப்பா நிமிரவில்லை. 'ன்' புள்ளியைக் குத்திவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

வழி முழுக்கக் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். மை இல்லை. மூட்டை என் தோளில்.

டிசம்பர் 16

தீபக் கூட்டம் இன்னும் வடியவில்லை. எங்கள் வயல் ஓரம் கிரிவலம் போகிறவர்களில் கோதண்டராமன் முதலியாரும் இருந்தார். வெறுங்காலில். டவுனில் மண்டி வைத்திருக்கிறார். நாங்கள் பயிர் வைக்கும் ஒன்றரைக் காணி அவருடையது. அப்பா இருபத்திரண்டு வருடக் குத்தகைக்காரர். குத்தகைக்காரன் தானாக விலகினாலொழிய அவனை எழுப்ப முடியாது என்று சட்டம் இருக்கிறது. அதனால்தான் இன்னும் இருக்கிறோம்.

வரப்போரம் நின்று மல்லாட்டை எப்படி, கடலை பிடித்திருக்கிறதா என்று விசாரித்தார். அவர் கண் செடியில் இல்லை. ரோட்டிலிருந்து வயலுக்கு எத்தனை அடி என்று பார்த்தது.

மலையைச் சுற்றினால் பாவம் கரையுமாம். கரைந்தால்தானே புதிதாகச் செய்ய இடம் கிடைக்கும்.

1979 பிப்ரவரி 4

அப்பா இப்போது வயலுக்கும் சட்டை போட்டுக்கொண்டு போகிறார். பேனா வைக்க.

ஏப்ரல் 18

பட்டறையிலிருந்து வந்ததும் அம்மா சொன்னாள், முதலியார் ஆள் விட்டு அப்பாவை மண்டிக்குக் கூப்பிட்டாராம். பக்கத்து நிலத்துக்குக் கல் இறக்க லாரி வருமாம், வயல் ஓரமாக வழி விடச் சம்மதம் என்று ஒரு கையெழுத்து. அவ்வளவுதானாம்.

அப்பாவிடம் போய்க் கேட்டேன்: "படிச்சியா நைனா?"

"படிச்சுக் காட்டட்டுமான்னு அவரே கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"நாலு பேரு உக்காந்துனு இருந்தாங்கடா. நான் பேனாவ எடுத்ததும் அவரே எழுந்திரிச்சி நாற்காலி போட்டாரு. 'இருசப்பன் படிச்சவராயிட்டாரு'ன்னாரு. அப்பறம் போயி படிச்சுக் காட்டுங்கன்னு எப்பிடிச் சொல்லுவேன்?"

மேலே சிங்கம் அச்சடித்த தடித்த தாளாம். லாரிக்கு வழிதான் என்றால் எதற்கு முத்திரைத்தாள்? கேட்டேன். முத்திரைத்தாள் என்றால் என்ன என்று கேட்டார்.

ஜூன் 27

ஏர் கட்டிப் போன அப்பாவை முதலியார் ஆட்கள் வரப்பிலேயே நிறுத்திவிட்டார்கள். காகிதத்தின் நகலைக் கொடுத்தார்கள். நான் ஓடிப் போய் வரப்பில் நின்றே படித்தேன்.

"மேற்படி நிலத்தின் குத்தகைப் பாத்தியதையை யாருடைய தூண்டுதலும் இன்றி என் சுயவிருப்பத்தில் விட்டுக் கொடுத்து, இந்தப் பத்திரத்தை நானே படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டேன்."

கீழே: இருசப்பன். கோடு பிசகவில்லை. இத்தனை நாளில் இவ்வளவு நேராக அவர் எழுதி நான் பார்த்ததில்லை.

"இன்னாடா போட்டுக்கீது?" என்று கேட்டார். நான் சொல்ல வாயெடுத்தபோது மாடு ஒன்று இழுத்தது. மாட்டைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூலை 5

வக்கீல் நகலை இரண்டு தடவை பார்த்தார். "ரேகையா இருந்தா எனக்கு வேலை சுலபம்பா. எழுதப் படிக்கத் தெரியாத ஆளு, யாரும் படிச்சுக் காட்டல, ஏமாத்தி வாங்கிட்டாங்கன்னு அடிச்சுப் பேசுவேன். கையெழுத்துப் போட்டவரு படிக்கத் தெரிஞ்சவருன்னுதான் எடுத்துப்பாங்க. யாருய்யா இவருக்குக் கையெழுத்து சொல்லிக்குடுத்தது?"

அப்பா பெருமையாக என்னைக் காட்டினார்.

ஒரே வழிதான் இருக்கிறதாம். குத்தகை வழக்கு அதிகாரி முன் விசாரணையில் அப்பா வாயால் சொல்ல வேண்டும், பெயர் மட்டும்தான் போடுவேன், ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது என்று. சொசைட்டியில் பழைய ரேகை எல்லாம் இருக்கிறது, அதையும் காட்டலாம். ஆனால் அவர் சொல்ல வேண்டும்.

ஜூலை 19

தினமும் சொல்லிப் பார்க்கிறேன். "ஒரே ஒரு வார்த்த நைனா. தெரியாதுன்னு சொல்லு. அவ்ளோதான்."

வாசல் மண்ணைக் குச்சியால் கிளறிக்கொண்டிருக்கிறார்.

எந்த வார்த்தையைச் சொல்லி நடுத்தெருவில் அவரை அடித்தேனோ, அதையே அவர் வாயால் சொல்லச் சொல்கிறேன். நான் என்ன மனிதன்?

செப்டம்பர் 12

விசாரணை.

முதலியாரின் வக்கீல் கேட்டார்: "பெரியவரே, உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?"

அப்பா என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஊர்க்காரர்கள் இருந்தார்கள். குமாஸ்தாகூட ரேகைப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்திருந்தான்.

"தெரியுங்க."

எங்கள் வக்கீல் துள்ளி எழுந்தார். ஒரு காகிதத்தை நீட்டி, "அப்போ இதுல ஒரு வரி படிங்க" என்றார். நல்ல மனிதர். கடைசிக் கதவைத் திறந்துவிட்டார். அப்பா காகிதத்தை வாங்கினார். தூரமாகப் பிடித்தார். பக்கத்தில் கொண்டுவந்தார்.

"கண்ணாடி எடுத்தாரலீங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். வாக்குமூலத்தின் கீழ் கையெழுத்துக் கேட்டார். அப்பா பேனாவை எடுத்தார். இப்போது நான்கு நிமிடம் ஆகவில்லை.

பஸ்ஸில் கேட்டேன். கத்தவில்லை, சத்தியமாகக் கத்தவில்லை. "உனக்கு ஏது நைனா கண்ணாடி?"

ஜன்னல் பக்கம் திரும்பியே சொன்னார்: "தேரடித் தெருவுல நீ ஒரு பேரு வெச்ச. எம் பேர எழுதினதோட அது போச்சுன்னு இருந்தேன். அத்தன பேரு எதிர்ல அத நானே எடுத்து மறுபடியும் வெச்சுக்கச் சொல்றியா?"



செப்டம்பர் 13

அப்பாவை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது குமாஸ்தா அல்ல. முதலியார்கூட முதலில் அல்ல. நான்.

நவம்பர் 20

தீர்ப்பு வந்துவிட்டது. கையெழுத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார், படிக்கத் தெரியும் என்றும் சொல்லியிருக்கிறார், ஆகவே என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம். அம்மா கேட்டுவிட்டு, பானையில் அரிசி போட எழுந்து போனாள். உலை கொதிக்கும் சத்தத்துக்கு மேல் அவள் அழுதது கேட்டது.

மேல்முறையீடு போகலாம் என்கிறார் வக்கீல். "வேணாம். மறுபடியும் கண்ணாடி கேப்பாங்க" என்றார் அப்பா.

டிசம்பர் 8

வெள்ளைக்காரர் மறுபடி இருபது பேனா கேட்கிறார். வேல மரத்தில் கேட்கிறார். நான்கு கட்டையை வீணாக்கினேன். அர்ஜுனன் அண்ணன் திட்டவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு, டீ வாங்கிக் கொடுத்தார்.

1980 ஜனவரி 17

காணும் பொங்கல். மாடுகளை விற்றாகிவிட்டது. கொம்புக்கு வாங்கி மிஞ்சியிருந்த சிவப்புச் சாயத்தை அம்மா என்ன செய்வதென்று தெரியாமல் கதவுக்குப் பூசியிருக்கிறாள்.

மார்ச் 2

அப்பா செங்கம் ரோட்டில் கட்டட வேலைக்குப் போகிறார். மண் வெட்டுகிற வேலை. புது மம்மட்டி. காம்பு கையை உரிக்கிறது என்றார். பழகிவிடும் என்றேன். வேறென்ன சொல்ல?

மார்ச் 9

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். பேனாவை எதிரில் வைத்தார்.

"மீதியும் சொல்லிக்குடு."

"எது நைனா?"

"எம் பேருல ஆறு எழுத்துதான கீது. மத்ததெல்லாம்."

அம்மா விளக்கை நகர்த்தினாள்.

ஜூன் 30

க, ங முடிந்து, கெ, கே என்று கொம்புக்கு வந்திருக்கிறோம். தூங்கிவிழுந்தாலும் பாடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். தப்பு வந்தால் தலையில் அவரே குட்டிக்கொள்கிறார். நான் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. இப்போது இந்தப் பொறுமை எங்கிருந்து வருகிறது? அன்று பஸ் நிறுத்தத்தில் ஏன் வரவில்லை?

நவம்பர் 16

ஞாயிறு. அடி அண்ணாமலையில் ஒரு சாவு. அப்பாவும் நானும் போய்விட்டுக் கிரிவலப் பாதையிலேயே நடந்து திரும்பினோம். ஒரு வருடமாக அந்தப் பக்கம் அவர் வந்ததில்லை. சுற்றிப் போகலாம் என்றேன். "இன்னாத்துக்கு?" என்றார்.

எங்கள் ஒன்றரைக் காணியைச் சுற்றி முள்கம்பி. உள்ளே கல் குவியல். லாட்ஜ் வருகிறது. வரப்பு இருந்த இடத்தில் இரும்புக் கம்பத்தில் ஒரு பலகை. நான் நிற்காமல் நடந்தேன். பின்னால் செருப்புச் சத்தம் நின்றுவிட்டது.

அப்பா பலகைக்கு எதிரில் நின்றிருந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றாமலே முதல் எழுத்தில் வைத்தார்.

"இ" என்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "எம் பேரோட எழுத்து."

பிறகு பேனா முனையை நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொன்றாக. "இ... து. இது. த... னி... தனி... யா... ர். தனியார். இ... ட... ம்." நெற்றி வியர்த்தது. நான் எடுத்துக்கொடுக்கவில்லை. இரண்டாம் வரிக்குக் குனிந்தார். "உ... ள்... ளே. உள்ளே. வ... ர... க். கூ... டா... து."

முதலிலிருந்து ஒருமுறை சேர்த்துச் சொன்னார், தனக்குள். பேனாவைப் பையில் வைத்தார்.

"சரியா படிச்சனாடா?"

"சரியாதான் படிச்ச நைனா."

தலையை ஆட்டினார். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, நடந்தார்.