நிறை குறையாமல் திரும்பி வந்த கோச்சி

அனுப்புநர்:
திருமதி கா. கிருஷ்ணகுமாரி,
இலக்கம் 7, ஆறாம் லயம்,
வெள்ளிக்கந்தைத் தோட்டம், கீழ்ப்பிரிவு,
ஓப்பநாயக்க.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
தோட்டப்புறக் கைப்பணிக் கண்காட்சி அலுவலகம்,
இரத்தினபுரி.

விடயம்: கண்காட்சிக்கு இரவலாகப் பெற்ற எனது கணவரின் பிளாஸ்டிக் கட்டைப் புகையிரதம் உடைக்கப்பட்டு, உரச் சாக்கில் திருப்பித் தரப்பட்டமை

மதிப்புக்குரிய ஐயா,

மேற்படி விடயமாக நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதலாவதற்குச் சிங்களத்தில் பதில் வந்தது. எனக்குச் சிங்களம் நன்றாக வாசிக்கத் தெரியும், ஆகவே அதில் குறை சொல்லவில்லை. பொருள் குறைவின்றி ஒப்படைக்கப்பட்டது என்று அதில் இருந்தது. இரண்டாவதற்குப் பதில் இல்லை. இதற்கும் வராது என்றுதான் நினைக்கிறேன். இருந்தும் எழுதுகிறேன், வேறு யாருக்கு எழுதுவது என்று தெரியாத காரணத்தால்.

1. நான் கொழுந்து பறிப்பவள். எனது கணவர் காத்தமுத்து தோட்டத்துப் பெக்டரியில் ரோலர் மெசினில் வேலை செய்தவர். சீனி வருத்தம் என்னும் நீரிழிவு நோயால் இரண்டு கண்ணும் போய் இப்போது வீட்டில் இருக்கிறார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

2. ஓப்பநாயக்க பசாரில் பவாஸ் என்பவர் பழைய சாமான் கடை வைத்திருக்கிறார். வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய விளையாட்டுச் சாமான்களில், ஒன்றோடொன்று பொருத்தும் பிளாஸ்டிக் கட்டைகளை எனது கணவருக்கென்று பொறுக்கி வைப்பார். அவற்றைக் கொண்டு, கண் தெரிந்த காலத்தில், எனது கணவர் ஒரு புகையிரதம், எங்கள் பேச்சில் கோச்சி, கட்டினார். எஞ்சினும் நான்கு பெட்டிகளும். கட்டையைக் கட்டையோடு பொருத்தினால் மட்டும் கோச்சி ஆகிவிடாது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். அவர் கட்டைகளை அரத்தால் ராவினார், சூடுகாட்டி வளைத்தார், கூரைக்கு வேண்டிய வளைவு வரும்வரை எத்தனையோ துண்டுகளைப் பாழாக்கினார். பெட்டிகளை இணைக்கும் கொக்கிகளைக் குடைக்கம்பியில் செய்தார். ஆடிய இடங்களைப் பசை வைத்து ஒட்டினார்.

3. அது எந்தப் படத்தையும் பார்த்துச் செய்ததல்ல. எங்கள் கீழ்ப்பிரிவுக்கு ஒரு கோச்சி வந்தால் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தாரோ அப்படிச் செய்தார். கொழுந்துப் பெட்டிக்குக் காற்றுப் போகும்படி பக்கமெல்லாம் இடைவெளி. பள்ளிக்கூடப் பெட்டிக்குச் சின்னப் பிள்ளையும் ஏறும்படி பதிந்த படி. நோயாளிப் பெட்டிக்கு அகலமான கதவு, ஏனென்றால் எங்கள் பிரிவில் நோயாளிகளை இன்றைக்கும் கம்பளியில் போட்டுத் தூக்கித்தான் ரோட்டுக்குக் கொண்டுபோகிறோம். நான்காவது பெட்டியில் பெண்களுக்கு ஒரு கக்கூசு வைத்தார். கொழுந்து பறிக்கும் மலையில் எங்களுக்கு அது இல்லை. லயத்து வீடுகளில் எல்லாரும் சிரித்தார்கள். “புள்ள இல்லாதவன் பொம்ம வச்சு வெளாடுறான்” என்று என் காதுபடவே பேசினார்கள். அவர் அடுத்த கட்டையை எடுத்து ராவத் தொடங்கினார்.

4. கண் போன பிறகு தினமும் பின்னேரம் அவர் செய்த ஒரே காரியம், அந்தக் கோச்சியை மடியருகே வைத்துத் தடவுவது. கொக்கியைக் கழற்றி மாட்டுவார். கதவைத் திறந்து மூடுவார். வேறு எதிலும் அவர் மனம் போகவில்லை. உள்ளதைச் சொன்னால், அந்த மனிதரை நான் சாப்பிட வைத்ததே அதைக் காட்டித்தான்.

5. கடந்த ஜூன் மாதம் தங்கள் அலுவலகத்தினர் தோட்டத்துக்கு வந்து கைப்பணிப் பொருட்களைச் சேகரித்தனர். கொடுக்க வேண்டாம் என்றேன். “எனக்குத்தான் தெரியல, கண்ணு உள்ளவங்க பாக்கட்டும்” என்றார் எனது கணவர். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

6. சேகரிப்பு நடந்தது கொழுந்து நிறுக்கும் மடுவத்தில். பாய்க்காரர் இத்தனை பாய் என்றார், கூடைக்காரர் இத்தனை கூடை என்றார். கோச்சியைக் காட்டி எத்தனை துண்டு என்று கேட்டபோது யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. உடனே கணக்கப்பிள்ளை அதைத் தூக்கிக் கொழுந்துத் தராசில் வைத்து, ஐந்தரைக் கிலோ என்று பதியச் சொன்னார். எங்கள் தோட்டத்தில் எதையும் நிறுத்துத்தான் பழக்கம். எனக்கும் அது தவறாகப் படவில்லை. பற்றுச்சீட்டில் சிங்களத்தில் ‘செல்லம் படு’, அதாவது விளையாட்டுச் சாமான், ஐந்தரைக் கிலோ என்று எழுதித் தந்தார்கள்.

7. இரத்தினபுரியில், பிளாஸ்டிக் நமது நாட்டு மூலப்பொருள் அல்ல என்று கூறிக் கோச்சியைக் கைப்பணி மேசையில் வைக்க மறுத்திருக்கிறார்கள். விளையாட்டுச் சாமான் என்று எழுதியிருந்தபடியால், கண்காட்சி பார்க்க வந்த பாலர் பாடசாலைப் பிள்ளைகள் விளையாடத் தரையில் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கையில் கட்டையைக் கொடுத்தால் கழற்றத்தான் செய்வார்கள். பசை வைத்து ஒட்டியிருந்ததைப் பிள்ளைகளால் கழற்ற முடியவில்லை. அவை சாக்கினுள் போகாததால் காலால் மிதித்து உடைத்துப் போட்டதாக மண்டபத்து ஊழியர் என்னிடம் சொன்னார். அதை ஒளிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

8. நான் சாக்கைப் பொறுப்பேற்கப் போனபோது, விடயத்துக்குப் பொறுப்பான எழுதுவினைஞர் செல்வி ஷாமிளா அவர்கள் அதை என் கண்முன்னே நிறுத்துக் காட்டினார். ஐந்தரைக் கிலோ. நான் அழுததைக் கண்டு தேநீர் வாங்கித் தந்தார், அந்த நன்றியை மறக்கமாட்டேன். “நெறை சரியாத்தானே இருக்கு அம்மா, இதுல நாங்க என்ன எழுதுறது?” என்று அவரும் கவலையோடுதான் கேட்டார். ஐயா, முப்பது வருடமாக நான் தராசின் முன்னால் நிற்கிறேன். ஈரம் என்று கழிப்பார்கள், சாக்கு என்று கழிப்பார்கள். தங்கள் அலுவலகம் எனக்கு ஒரு கிராம்கூடக் கழிக்கவில்லை. அப்படி நிறை குறையாமல் வாங்கியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

9. சாக்கைப் பவாஸிடம் கொண்டுபோனேன். கொட்டிப் பார்த்தவர், “கழட்டியிருந்தா மாட்டலாம் அக்கா, இது ஒடஞ்சிருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி அள்ளிப் போட்டார். அதே போல் புதிதாக ஒன்று செய்யப் பவாஸால் முடியாது, என்னாலும் முடியாது. செய்யத் தெரிந்த மனிதருக்குக் கண் இல்லை. ஏதோ ஒரு பெட்டியை ஒட்டிக் கொடுத்துச் சமாளிப்போம் என்றால், விரல் பட்டதுமே கண்டுபிடித்துவிடுவார்.

10. இதுவரை எனது கணவருக்கு எதுவும் தெரியாது. சாக்கு குசினியில் விறகுக்குப் பின்னால் இருக்கிறது. “ஏ புள்ள, கோச்சி எப்ப வருதாம்?” என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறார். கண்காட்சியை நீடித்துவிட்டார்கள் என்றேன். பிறகு கேகாலைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றேன். அவருக்கு அதில் ஒரே சந்தோசம். கேகாலையில் கூட்டம் எப்படியாம், கக்கூசுப் பெட்டியைப் பார்த்து என்ன சொன்னார்களாம் என்று கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறார். நானும் சொல்கிறேன். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறேன். என்னால் இனி முடியாது.

ஆகவே ஐயா, எனக்குப் புதிய கட்டைகள் வேண்டாம். பங்குபற்றியதற்கான சான்றிதழும் வேண்டாம். யாரையும் தண்டிக்கும்படியும் நான் கேட்கவில்லை. நான் வேண்டுவது ஒன்றே ஒன்றுதான். நடந்ததைத் தங்கள் அலுவலகத்தைச் சேர்ந்த ஒருவர் நேரில் வந்து எனது கணவரிடம் சொல்ல வேண்டும். நான் மலையில் நிற்கும் நேரத்தில் வந்தாலும் பரவாயில்லை, வீட்டுக் கதவு பூட்டுவதில்லை. சாக்கை எடுத்து அவர் முன்னால் வையுங்கள், மிச்சத்தை அவர் கையே அவருக்குச் சொல்லும். அவர் சண்டை பிடிக்கும் ஆள் அல்ல. தமிழ் தெரிந்தவரைத்தான் அனுப்ப வேண்டும் என்றும் இல்லை, சிங்களத்தில் சொன்னாலும் அவருக்குப் புரியும்.

வருபவரிடம் இதை மட்டும் தயவுசெய்து கட்டாயம் சொல்லி அனுப்புங்கள். வாகனத்தை லயத்து வாசல்வரை கொண்டுவர வேண்டாம். வாகனச் சத்தம் கேட்டால் கோச்சி வந்துவிட்டதென்று அவர் எழுந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். கோயிலடியில் நிறுத்திவிட்டு நடந்து வரவும்.

திகதி: 2025.09.14
இடம்: ஓப்பநாயக்க

இவ்வாறு முறையிடும்,
கா. கிருஷ்ணகுமாரி
(ஒப்பம்)