அழிக்கலாமா என்று உங்களைத்தான் கேட்பார்கள்

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மருமகள் எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போடுகிறீர்கள்? நான் நன்றாக இருக்கிறேன்.

பயப்படும்படி ஒன்றும் இல்லை, ஒரு விஷயம். நான் கூட்டித் துடைக்கிற ஆராய்ச்சி ஆபீசில்தான், உங்கள் மகன் தன் நுரையீரல் நோயைப் பற்றிப் பேசிய பதிவு இருக்கிறது. எந்தப் பதிவை எவ்வளவு காலம் வைப்பது என்று திட்டம் போட்டுத் தரும் சாஃப்ட்வேரை இப்போது சரிசெய்கிறார்கள். அதில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதாமல் விட்டால், ஆராய்ச்சி முடிந்ததும் அழித்துவிடு என்று அதுவே போட்டுக்கொள்ளுமாம். அவர் பதிவுக்கும் அப்படியே விழுந்திருக்கிறது.

கேள்விப்பட்டதும் ஓடினேன். அந்த வேலையைப் பார்க்கிற மேடம் முன்னால் துடைப்பத்தோடு போய் நின்றேன்.

“அழிச்சிடாதீங்க மேடம்.”

“அதைத்தாம்மா மாத்திட்டோம். இனிமே குடும்பத்துல கேட்டுட்டுத்தான் எதையும் அழிப்போம்.”

“அப்ப நான் சொல்றேன், வேணாம்.”

“நீ சொன்னா செல்லாதும்மா. யாரைக் கேக்கணும்னு அவர் அம்மா பேரையில்ல குடுத்திருக்காரு!”

அம்மா பிள்ளை, கடைசிவரை மாறவில்லை பாருங்கள்.

அவர் போன பிறகு, குரலைக் கேட்டால் தாங்காது என்று, போனில் இருந்ததையெல்லாம் அழிக்கச் சொன்னீர்கள். அழித்தேன். கோபமில்லை. மிச்சம் இது ஒன்றுதான். கடிதம் சேர்ந்த பிறகு மேடம் கூப்பிடுவார். போனைச் சார்ஜ் போட்டுப் பக்கத்திலேயே வையுங்கள்.

சூப்பர்வைசர் கத்துகிறார், மாடி இன்னும் துடைக்கவில்லை. அவர் குரலை நீங்கள் கேட்கவே வேண்டாம் அத்தை. இருக்கட்டும் என்று மட்டும் சொல்லுங்கள். நான் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மருமகள்