அங்கே அவர் நடக்கிறாரா

கார்த்திகை 2, செவ்வாய்

விடியலில் தூறல். எட்டு மணி வாக்கில் விட்டது. தோட்டத்துப் பாதை முழுக்கச் சேறு, செருப்பு ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்கிறது. இருந்தாலும் நடந்தேன்.

எனக்கு வெயில் ஏறிய நேரம்தான் என் வீட்டுக்காரருக்கு விடிகாலை. தான்சானியாவுக்கும் ப.வேலூருக்கும் அவ்வளவு வித்தியாசம். ஷிப்டுக்கு முன்னால் அவர் போர்வெல் கேம்ப் வேலிக்குள் நடக்க வேண்டும், அதே நேரம் நான் தோட்டத்தில். போன் இரண்டு பேர் காதிலும். ஏற்பாடு என்னுடையது. போன லீவில் நாமக்கல் டாக்டர் சொன்னது மறக்கவில்லை. சர்க்கரை, பிரஷர், தொப்பை மூன்றும் கூட்டாக வந்திருக்கிறது, தினமும் நடந்தே தீரவேண்டும். இவர் தலையை ஆட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டார். போர்வெல் ரிக்கில் நாள் முழுக்க லீவர் முன்னால் வேலை, கை மட்டும்தான் அசையும். கேம்பை விட்டுத் தனியாக வெளியே போகக் கூடாது. தனியாக நடக்கச் சொன்னால் இரண்டு நாள் நடப்பார், மூன்றாம் நாள் போர்வையை இழுத்துக்கொள்வார். பேச ஆள் இருந்தால் நடப்பார். அந்த ஆள் நான்.

"எங்க வந்துட்ட?"

"தென்னமரத்துக்கிட்டங்க. நீங்க?"

"கம்ப்ரசர் பக்கம். நட, நட."

பக்கத்துத் தோட்டத்து மல்லிகா வேலிக்கு அந்தப்புறமிருந்து: "ஏனுங்க்கா, வெயில் ஏறுன பொறகு நடக்கறீங்க, பித்து கித்து புடிச்சுருச்சா?" சிரித்து வைத்தேன்.

தைக்க: மல்லிகா ரவிக்கை 2. டீச்சர் வீட்டுச் சுடிதார். கல்யாண வீட்டு ரவிக்கைக்குக் கொக்கி இல்லை, வாங்கணும்.

கார்த்திகை 3, புதன்

மழை இல்லை. மூட்டம்.

இன்று ஏதோ ஒன்று சரியில்லை. கேம்ப் முழுக்க ஜல்லி கொட்டியிருக்கிறார்கள், அவர் நடந்தால் காலடியில் நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்கும். இன்று அது இல்லை. டக் டக் என்று ஒரு சத்தம் மட்டும்.

"ஃபேன் சத்தமுங்களா அது?"

"ஜெனரேட்டர்."

ஜெனரேட்டர் சத்தம் எனக்குத் தெரியாதா? கல்யாணமான நாளிலிருந்து ரிக்காரர் வீட்டில்தானே இருக்கிறேன்.

மூச்சும் வாங்கவில்லை அவருக்கு. எனக்கு வாங்குகிறது. அவர் என்னைவிட எவ்வளவு கனம். ஒருவேளை உடம்பு தேறி வருகிறதோ. யோசித்துப் பார்த்தால் ஜல்லிச் சத்தம் கேட்டுச் சில நாளாகவே ஆகிறது. நான்தான் கவனிக்கவில்லையா?

கேட்கவில்லை. கேட்டால் என்ன வருமோ என்று.

கார்த்திகை 5, வெள்ளி

கொக்கி வாங்கியாயிற்று. நூல் வாங்க மறந்தேன். பஸ்ஸில் நல்ல கூட்டம்.

வீடியோ போடச் சொன்னேன். சிக்னல் இல்லையாம். நேற்றும் இல்லை. கேம்ப் சமையல்காரர் மணி, சங்ககிரிக்காரர், ஆட்டுக்கறி தாளிக்கிற வீடியோவைக் காலையில் ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறார். அதே கேம்ப். அதற்கு மட்டும் எங்கிருந்து சிக்னல் வந்தது?

வேலை போய்விட்டதா. யாரோடாவது சண்டையா. மறுபடி குடிக்கிறாரா. இன்னொன்றும் தோன்றியது, அதை எழுத மாட்டேன்.

டீச்சர் வீட்டுச் சுடிதாரில் கையை மாற்றித் தைத்துவிட்டேன். பிரிக்கணும்.

கார்த்திகை 7, ஞாயிறு

நல்ல வெயில். துணி எல்லாம் காய்ந்தது.

மனசு கேட்காமல் மணிக்கே போன் போட்டேன்.

"மணி, அண்ணன் வெடியால நடக்கறாருங்களா?"

"நடக்கறாருங்கக்கா."

"நீங்க பாத்தீங்களா?"

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது.

"அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்க. அண்ணன் கட்டல்ல உக்காந்துட்டுத்தான் பேசறாரு. ரெண்டு வாரமிருக்கும். கேட்டா, நீ உன்ற சோலியப் பாருங்கறாரு."

போனை வைத்த பிறகும் நின்ற இடத்திலேயே நின்றிருந்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. சேற்றிலும் வெயிலிலும் நான் இங்கே சுற்றிச் சுற்றி வர, அவர் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு 'கம்ப்ரசர் பக்கம்' என்று சொல்லியிருக்கிறார். இரு, நாளைக்கு இருக்கிறது.

கார்த்திகை 8, திங்கள்

நடக்கவில்லை. தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து போனை எடுத்தேன்.

"எங்க வந்துட்ட?"

"எங்கயும் வரலீங்க. உக்காந்திருக்கறேன். நீங்களும் உக்காந்துதான இருக்கறீங்க?"

கத்தினார். "ஆரு சொன்னது? மணியா?"

"ஆரு சொன்னா என்னங்க? நடக்கறேன்னு பொய் சொல்லி ஆர ஏமாத்தறீங்க? சர்க்கரைக்குத் தெரியாதுங்களா?"

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. பிறகு, இத்தனை வருஷத்தில் நான் கேட்காத ஒரு குரலில்,

"நடந்தா நெஞ்சுல கல்லத் தூக்கி வெச்ச மாதிரி இருக்குது சுமதி. எடது கை வரைக்கும் இழுக்குது. நின்னா செரியாப் போயிருது. அதான் நடக்கறதில்ல."

"எப்ப இருந்துங்க?"

"தீபாவளி கழிஞ்சதுல இருந்து."

"டாக்டர்கிட்டப் போகோணும்னு தோணலீங்களா?"

"சொன்னா டிக்கெட் போட்டு அனுப்பிச்சுருவாங்க. ஊட்டுல வந்து உக்காந்துட்டு நான் என்ன பண்றது?"

"அப்பறம் எதுக்குங்க தெனமும் போன் பண்ணி நடக்கறேன் நடக்கறேன்னு?"

"நீ நடக்கறது கேக்குமில்ல. வாய்க்காத் தண்ணி கேக்கும். மல்லிகா ஆட்டத் தொரத்தறது கேக்கும். இங்க வெடிஞ்சா எனக்கு வேற என்ன இருக்குது?"

நாளைக்கு இருக்கிறது என்று நேற்று எழுதினேன். கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. எழுத்து கோணலாக வருகிறது.

'இன்னுங் கொஞ்சம் வெரசா நடங்க, மூச்சு வாங்குனாத்தான் ஒடம்பு கொறையும்' என்று தினமும் விரட்டியது நான்தான். வலியோடு எத்தனை நாள் நடந்தாரோ. நான் சொன்னேன் என்பதற்காக.

"இனி ஒரு சுத்துக் கூட நடக்காதீங்க" என்றேன். என் வாயால் இதைச் சொல்லவேண்டி வந்ததே.

கார்த்திகை 9, செவ்வாய்

காலையிலேயே ப.வேலூர் டாக்டரம்மாவைப் பார்த்து எல்லாம் சொன்னேன். அந்தம்மா எழுந்தே நின்றுவிட்டார். "இன்னைக்கே ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கம்மா. நடக்க வேண்டாம், வெயிட் தூக்க வேண்டாம். தள்ளிப்போடாதீங்க."

அவரோ போனில், இந்தக் குழியை முடித்துவிட்டுப் போகிறேன் என்கிறார். இன்னும் தண்ணீர் வரவில்லையாம். பாறையாம்.

"கேம்ப் மேனேஜர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"

"உனக்கு இங்கிலீசு வராது."

"மணிக்கு வருமில்லீங்க."

திட்டினார். திட்டட்டும். சாயங்காலம் மணி போன். மேனேஜர் நல்ல மாதிரியாம், கோபப்படவில்லையாம். நாளைக்கு விடிந்ததும் கம்பெனி பிக்கப்பில் டவுனுக்கு, கூடவே மணியும். போய்ச் சேர மத்தியானம் ஆகுமாம். வழியில் பாதி தூரம் போன் எடுக்காதாம்.

கார்த்திகை 10, புதன்

போன் எடுக்கவில்லை. தெரிந்ததுதான், சொன்னதுதான். இருந்தாலும் போட்டுப் போட்டுப் பார்த்தேன். அந்த ஊர்ப் பாஷையில் ஒரு பெண் ஏதோ சொல்கிறாள், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி.

மிஷினில் உட்கார முடியவில்லை. சோறு இறங்கவில்லை. தோட்டத்துக்குப் போய்ச் சுற்ற ஆரம்பித்தேன். ரோடு குண்டும் குழியுமாக இருக்குமே, வண்டி குலுங்குமே, பாதியில் வலி வந்தால் மணி என்ன செய்வார். நின்றால் இந்த நினைப்பு. நடந்தாலும் இதே நினைப்பு. ஆனால் நடந்தால் கொஞ்சம் தேவலை.

மல்லிகா வந்தாள். எதுவும் கேட்கவில்லை, அவளுக்கு அது பெரிய காரியம். பக்கத்தில் நடந்தாள். ரொம்ப நேரம் கழித்து, "சாப்புட்டீங்களாக்கா?" இல்லை என்றதும் வீட்டுக்குப் போய்த் தயிர்சோறு பிசைந்து எடுத்து வந்தாள்.

மகன் சரண் சேலம் ஹாஸ்டலிலிருந்து போன். "அப்பா எப்பிடிம்மா இருக்காரு?" பரீட்சை நடக்கிறது அவனுக்கு. நல்லா இருக்காருடா என்றேன். அப்பாவைப் போலவே நானும்.

பொழுது சாய்ந்த பிறகு மணி. "அக்கா, பயப்படாதீங்க. ஈசிஜில ஏதோ மாத்தம் இருக்குதுங்களாம். நாக்குக்கு அடியில வெக்கற மாத்திரை குடுத்திருக்காங்க. பெரிய நகரத்துக்குப் போகோணுமாம்."

பயப்படாதீங்க என்று ஒருவர் ஆரம்பித்தால்தான் பயமே வருகிறது.

கார்த்திகை 12, வெள்ளி

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. இருதய டாக்டர் குஜராத்திக்காரராம், அம்மா விசாரிக்கிற மாதிரி எல்லாம் விசாரிக்கிறாராம். ரத்தக் குழாயில் அடைப்பு. எவ்வளவு என்று திங்கட்கிழமை சின்னக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அவர் போனில் இரண்டு வார்த்தைதான். "கேம்புல சமைக்க ஆளில்லாம எல்லாரும் உப்புமாவத் தின்னுட்டிருக்காங்களாம், மணி இங்க வந்துட்டதால." சிரித்தார். நானும் சிரித்தேன். வைத்ததும் அழுதேன்.

சரணிடம் சொல்லிவிட்டேன். அவன் அழவில்லை. "மொதல்லயே சொல்லியிருக்கோணும்மா" என்றான். இதையே நான் இந்த வாரம் ஒருத்தரிடம் கேட்டேன்.

கார்த்திகை 15, திங்கள்

நேற்றிரவிலிருந்து அடைமழை. கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் பாதிக்கும் கீழே. இருக்கிற கரண்டும் இன்றைக்குப் பார்த்துத்தானா போகவேண்டும்.

மல்லிகாவின் வீட்டுக்காரர் டிராக்டர் பேட்டரியில் ஏதோ வயரை மாட்டிச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார். டிராக்டர் பக்கத்திலேயே கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். அங்கேதான் போன் வந்தது. அவரே.

"முடிஞ்சுது புள்ள. ஸ்டென்ட் வெச்சுட்டாங்க. ஒண்ணுதான். கை வழியாத்தான் உட்டாங்க, முழிச்சுட்டேதான் இருந்தேன்."

"வலிச்சுதுங்களா?"

"நெம்ப வலிச்சுது."

ஒன்றுமில்லை என்பார் என்று எதிர்பார்த்தேன்.

கார்த்திகை தீபத்துக்கு இன்னும் அகல் கழுவவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

கார்த்திகை 20, சனி

மழை ஓய்ந்தது. வாய்க்கால் நிரம்பி ஓடுகிறது, தோட்டத்தில் தண்ணீர்.

ஆஸ்பத்திரியிலிருந்து கம்பெனி கெஸ்ட் ஹவுசுக்கு வந்துவிட்டார். ஊருக்கு வரச் சொன்னேன், சரணும் சொன்னான். மாட்டேன் என்கிறார். இங்கேயே தேறி இங்கேயே வேலைக்குப் போகிறேன் என்று டாக்டரிடம் கேட்டு அனுமதி வாங்கியிருக்கிறார். ரிக்குக்கு இப்போது கிடையாது, ஆபீசில் லேசான வேலை. அதற்கு ஒரு நிபந்தனை: மெதுவாக நடக்க ஆரம்பிக்க வேண்டும். முதலில் வராண்டாவில், பிறகு வெளியே.

ஆனால் நடக்கவில்லை. மணி சொல்கிறார்: "படுத்தே கெடக்கறாருங்கக்கா. பாத்ரூம் போறதுக்குக் கூட என்ற தோளப் புடிச்சுக்கறாரு. மறுக்கா வலி வந்துருமோன்னு பயம்."

முன்பானால் நடங்க நடங்க என்று துளைத்திருப்பேன். இப்போது அந்த வார்த்தை வாயில் வரவில்லை. எனக்கும் அதே பயம்தான். சொல்லி, நடந்து, ஏதாவது ஆனால்?

கல்யாண வீட்டு எம்ப்ராய்டரி ரவிக்கை அரைகுறையாகக் கிடக்கிறது. கல்யாணம் இந்த வாரம்.

கார்த்திகை 21, ஞாயிறு

டாக்டரம்மாவிடம் மறுபடி. வீட்டுக்கே போய்விட்டேன், ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அடைப்ப எடுத்தாச்சும்மா. இப்பப் படுத்துக் கெடக்கறதுதான் தப்பு. ரெண்டு வார்த்தை பேசிட்டே நடக்க முடியற வேகம் போதும். பேச முடியலன்னா நிக்கோணும், அவ்வளவுதான்."

பேசிக்கொண்டே நடப்பது. அது எங்களுக்குத் தெரியும்.

கார்த்திகை 24, புதன்

வராண்டாவில் நடந்தார். வீடியோ. மணி போனைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்கிறார், படம் ஆடுகிறது. லுங்கி, லீவில் போட்டிருந்த அதே சட்டை, கழுத்து எலும்பு தெரிகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக. பாதியில் அவரே, "ஏம்புள்ள, நீ ஏன் பேச மாட்டீங்கற? பேசு. பேசாம எப்பிடி நடக்கறது?"

என்ன பேசுவதென்று தெரியாமல், கல்யாண வீட்டு ரவிக்கையில் கழுத்து இறங்கிவிட்டதையும் பெண்ணின் அத்தை வந்து சண்டை போட்டதையும் சொன்னேன். வராண்டா முடிந்துவிட்டது. திரும்பி நடந்தார்.

கார்த்திகை 27, சனி

பனி. வெயில் வரவே நேரமானது. தோட்டத்தில் இன்னும் தண்ணீர் நிற்கிறது, அதனால் வாய்க்கால் ரோட்டில் நடை.

அவர் முதல் முறையாகத் தெருவில். மணியை நாலடி பின்னால் வரச் சொல்லிவிட்டாராம். வீடியோ வேண்டாம் என்றார், கையை வீசி நடக்கவேண்டும், போன் சட்டைப் பையில். சரி என்றேன்.

தெருவோரம் ஒரு அம்மாள் வாழைக்காய் சுட்டு விற்கிறாராம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் ஒரே நிறத்தில் ஸ்வெட்டராம். ஒரு சேவல் குறுக்கே போகிறதாம். சொல்லிக்கொண்டே வந்தார். செருப்புச் சத்தம் கேட்டது. மூச்சும் கேட்டது, கொஞ்சம் கனமாக. நான் மறு காதைக் கையால் பொத்திக்கொண்டு நடந்தேன்.

பேச்சு நின்றது.

"என்னங்க?"

செருப்புச் சத்தமும் இல்லை.

"ஏனுங்க!"

"சுமதி, கொஞ்சம் நிக்கறேன்."

"வலிக்குதுங்களா?"

"இல்ல, வலி இல்ல. களைப்பா இருக்குது. பயமாவும் இருக்குது. நின்னுட்டுப் போறேன்."

"நில்லுங்க."

நானும் நின்றேன். பின்னால் கரும்பு டிராக்டர் ஒன்று வந்து ஹாரன் அடித்தது. "ஏனுங்க்கா, நடு ரோட்டுல நின்னுட்டா எப்பிடி?" ஓட்டுகிறவர் கேட்டார். அவரைப் பார்த்துக் கையை மட்டும் காட்டினேன், கொஞ்சம் பொறுங்க என்று. நகரவில்லை.