மூன்றாவது சட்டை உரியுமுன்

நாள் 203, காலை 6.10
புழு அறை 16 பாகை. தொட்டி நிறையத் தண்ணீர். தட்டுகள் நாற்பது, எல்லாவற்றிலும் அந்தத் தண்ணீர்தான். எழுதுவது சொர்ணவடிவு, புழு வளர்ப்பவள். விஞ்ஞானிகள் இருவரும் போன கப்பலில் தரைக்கு இறங்கிவிட்டார்கள். நாள் 212-இல் எட்டுப் பேர் வருகிறார்கள். அதுவரை இந்த விண்நிலையத்தில் நான் மட்டும்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: உருளைப்புழு கடுகில் பாதி இருக்கும். பெரிதாவதற்குள் நான்கு முறை சட்டை உரிக்கும். அதற்குள் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ மரபணு உண்டு. நேரம் பார்த்து மற்ற மரபணுக்களின் வாயை அடைப்பது அதன் வேலை. அது விழிக்கும் இடம் பச்சையாக ஒளிரும்படி செய்திருக்கிறார்கள். மூன்றாவது சட்டை உரிந்த பிறகு, தோலில் மட்டும் ஒளிர வேண்டும்.

நாள் 205, மாலை 4.35
ஒரே சட்டைதான் உரிந்திருக்கிறது. அதற்குள் பச்சை. தோலில் மட்டுமல்ல, குடலிலும். என் இமை மயிரை நுனியில் ஒட்டிய குச்சியால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். நாற்பது தட்டிலும் இதே கதி. புது முட்டைகளைத் தரையிலிருந்து வந்த புட்டித் தண்ணீரில் போட்டிருக்கிறேன்.

நாள் 206, காலை 9.00
தரை நிலையம், டாக்டர் அருமைநாயகம்: "ஆச்சி, பொரிச்ச முப்பத்தாறாம் மணியில பச்சை. சரியான நேரந்தானே? எதுக்கு இந்தக் கூப்பாடு?"
நான்: "அது இருபது பாகைக் கணக்கு. இங்க பதினாறு. குளிர்ல புழு மெதுவாத்தான் வளரும். ஒரு சட்டைதான் உரிச்சிருக்கு, ஐயா."
அவன்: "சட்டை, வேட்டின்னு எழுதுனா கம்ப்யூட்டர் எடுக்காது. மணிய மட்டும் போடுங்க. கண்ணாடியையும் கொஞ்சம் தொடைச்சிக்கிடுங்க."

படிவத்தில் சட்டை எண்ணும் பத்தியை எடுத்தவனே இவன்தான். ஒன்பது வருடத்துக்கு முன், ஐப்பசியில், மழை கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை. "தட்டு கழுவுற பொம்பளைக்குத் தனிப் பத்தியா?" என்று சிரித்தான். நான் பின்னால் நின்றதை அவன் பார்க்கவில்லை. அவன் போட்டிருந்த சட்டையின் நிறம்கூட எனக்கு நினைவிருக்கிறது.

நாள் 209, காலை 7.20
அதே அறை, அதே குளிர். புட்டித் தண்ணீர்ப் புழுக்கள் மூன்றாவது சட்டை உரித்த பிறகே ஒளிர்ந்தன. தோலில் மட்டும். ஆக, கேடு தொட்டித் தண்ணீரில். தொட்டிக்கு நாள் 190-இல் புதுப்பூச்சு அடித்தார்கள்.

அதே மரபணு மனிதருக்கும் உண்டு. பாடம் எடுத்தவன் இதே அருமைநாயகம். நானும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தேன். வளரும் உடம்புக்குத்தான் கேடு; என் உடம்பில் வளர இனி ஒன்றுமில்லை.

நாள் 210, காலை 10.15
கப்பலிலிருந்து மரியபுஷ்பம், இயந்திரப் பொறியாளர், ஐந்து மாதக் கர்ப்பிணி: "ஆச்சி, கப்பல் தண்ணி நாறுது. வந்ததும் ரெண்டு சொம்பு குடிக்கணும். உள்ள உள்ளவன் உதைக்கிற உதையைப் பாத்தா, எனக்கு முன்னாடி அவன் இறங்கிருவான் போல."
நான்: "ஏட்டி, இங்க ஒரு சொட்டு—"

இணைப்பு அறுந்தது.
தரை நிலையம், அருமைநாயகம்: "கப்பலோட நீங்க பேசுறத நிறுத்தியாச்சு, ஆச்சி. கர்ப்பிணியப் பயமுறுத்தாதீங்க. கேக்கலாம், பேச முடியாது."
பாவி. படித்த பாவி.

நாள் 211, பகல் 1.40
தண்ணீர் இல்லாத நிலையத்தில் கப்பல் இணையக்கூடாது. அது விதி, கணினி தானாகத் தடுக்கும். வடிகாலைத் திறந்தேன். தொட்டி காலியாக ஐம்பது நிமிடம். கடைசிச் சொட்டு வெளியே போகும்வரை நின்று பார்த்தேன்.

நாள் 212, காலை 8.05
கப்பல் திரும்புகிறது.
மரியபுஷ்பம்: "இவ்வளவு தூரம் வந்து திரும்பணுமா? வயித்துப்பிள்ளக்காரி கேட்ட தண்ணிய வெளிய கொட்டுனீங்களே, நீங்கல்லாம் ஒரு மனுசியா?"
என் குரல் அங்கே போகாது. திட்டட்டும்.

நாள் 219, நேரம் பார்க்கவில்லை
புட்டிகள் தீர்ந்து மூன்று நாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது. எழுத்து கோணுகிறது.

தரை நிலையம், அருமைநாயகம்: "ஆச்சி... தொட்டிப் பூச்சைச் சோதிச்சோம். நீங்க சொன்னதுதான் சரி. அடுத்த கப்பல் வர இருபது நாளாகும். என்னை மன்னிச்சிருங்க. கேக்குதா?"

கேட்கிறது.

அந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, வளர்ந்து, அதுவே வந்து உனக்காகக் கேட்டாலும் மன்னிக்க மாட்டேன்.