டெமோ டாலருக்கு ஊற்றிய கூழ்

காவாந்தண்டலம்
28.8.2008

அன்பு மகள் வளர்மதிக்கு நைனா எழுதுவது. அந்த மஸ்கட் வெயிலில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் எல்லையம்மன் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது, செய்யாற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. நல்ல சேதி இவ்வளவுதான். மீதியை நினைத்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. போனில் கத்தலாம் என்றால் நீ டியூட்டி இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுவதும் படி.

உன் தம்பி தமிழ்வாணனுக்குக் கரன்சி வியாபாரம் பழகு என்று சொன்னது யார்? நீதானே. உன்கூட வேலை செய்யும் நர்ஸ் வீட்டுக்காரர் அதில் சம்பாதிக்கிறாராம், அதைக் கேட்டுவிட்டு, முதலில் டெமோ அக்கவுண்டில் பழகு, பொங்கலுக்குள் கை வந்துவிட்டால் என் சேமிப்பை அனுப்புகிறேன், நிஜ அக்கவுண்ட் ஆரம்பி என்று சொல்லியிருக்கிறாய். டெமோ என்றால் என்னவென்று எங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னீர்களா அக்காவும் தம்பியும்? ஆடி மாதம் ஒரு நாள் அவன் குதித்துக்கொண்டு வந்து, எம்மா, எட்டாயிரம் டாலர் லாபம் வந்துகீதும்மா என்றான். உன் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவன் கைக்கு ஒரு தொழில் வரட்டும் என்று அம்மனுக்கு வேண்டியிருந்தாளாம். வீட்டில் இருந்த கேழ்வரகு அத்தனையும் அரைத்துக் கோயிலில் தெருவுக்கே கூழ் ஊற்றினாள், கருவாட்டுக் குழம்பு வேறு. பையனும் இரண்டு சொம்பு வாங்கிக் குடித்தான். மறுநாள் நான் அந்தப் பணத்தை எப்போது எடுக்கலாம் என்று கேட்ட பிறகுதான், அது பணமே இல்லை, பழகுவதற்காகக் கம்பெனிக்காரன் சும்மா காட்டுவது என்கிறான். பொம்மைப் பணத்துக்கு நிஜக் கூழ்! தெருவில் விடுவார்களா? திருவிழாக் கமிட்டி ஆட்கள் வந்து நின்றுகொண்டு, டாலர் வூட்டுக்காரரே, இந்த வருசம் சீரியல் லைட்டு உங்க உபயம்தானே என்கிறார்கள். என்னால் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

சரி தொலையட்டும், பழகுகிறவன் பழகட்டும் என்று பொறுத்துக்கொண்டேன். நாற்றங்கால் உழ ஆள் இல்லை, இவன் விடிந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு உத்திரமேரூரில் ஐசக் வைத்திருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போய்விடுகிறான். போன வாரம் உரம் வாங்கப் போன நான் நேராக அங்கே போய் அவன் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். யூரோ ஏறும் என்றால் ஒரு பொத்தான், இறங்கும் என்றால் இன்னொரு பொத்தான், பச்சையும் சிவப்புமாய் ஏதோ ஏறி இறங்குகிறது. என் கண்ணெதிரிலேயே அக்கவுண்டில் இருந்தது எல்லாம் கரைந்துபோனது. பொம்மைப் பணம் என்று தெரிந்தும் நான் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டேன். அவனோ வறுத்த கடலையை மென்றுகொண்டு இருந்தான். என்னடா, எல்லாம் போச்சே என்றேன். அதுக்கு இன்னா நைனா, புதுசா ஒண்ணு தொறந்தா திரும்பவும் அம்பதாயிரம் டாலர் போட்டுத் தருவான், இதுக்குப் போயி பேஜார் ஆவுறியே என்று சிரிக்கிறான். இது எத்தனாவது என்று ஐசக்கைக் கேட்டேன். அவனும், யாரு எண்ணிக்கினு இருந்தாங்க ஐயா, போவப் போவத் தொறந்துக்கினுதான் கீறாரு என்றான். உன்னிடம் இதைச் சொன்னானா உன் தம்பி? லாபம் வந்தால் மட்டும் மஸ்கட்டுக்கு போன், துடைத்துக்கொண்டு போனால் வாயில் கொழுக்கட்டை.

பழகச் சொன்னதை நான் குறை சொல்லவில்லை. தப்புச் செய்து, அடிபட்டு, திருந்தத்தானே பழகுவது? இவன் பழகியது ஒன்றே ஒன்றுதான், போனால் இன்னொன்று வரும் என்பது. உன் பணம் போனால் எவன் திரும்பப் போட்டுத் தருவான்? ராத்திரியெல்லாம் வார்டில் நின்று, வீங்கின காலை உப்புத் தண்ணீரில் வைத்துக்கொண்டு நீ சேர்த்த பணம் அது. எனக்கு ஒரு ஜோடிச் செருப்பு வாங்கக்கூட அதில் கை வைக்க மனசு வராது. நீ அதைத் தூக்கி இவன் கையில் கொடுக்கிறேன் என்கிறாயே, உனக்குப் புத்தி எங்கே போனது? கோபமாக எழுதுகிறேன், எழுதத்தான் செய்வேன், நான் பெற்றவன்.

அன்றைக்கே மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது அவனிடம் கேட்டேன். டேய், உனக்கு அவ்வளவு நம்பிக்கை என்றால் அக்கா பணம் எதற்கு, உன் பைக்கை விற்று அதில் போடு, வந்தால் முழுவதும் உனக்கே என்றேன். அவனுக்குச் சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. பைக்கையா என்றான். நல்லா ஓடிக்கினு கீற பைக்கு நைனா, அத்தெப் போயி யாராவது அதுல வைப்பாங்களா என்றான்.

அவன் கேட்ட கேள்வியை அப்படியே உனக்கு எழுதியிருக்கிறேன். பணம் அனுப்பாதே.

வேளைக்குச் சாப்பிடு, காலுக்கு மருந்து போடு. நல்லா இரு, நூறு வருசம் இரு.

இப்படிக்கு
உன் நைனா
மு. முத்துகிருஷ்ணன்