மைக் அணைத்த தெரு

மார்ச் 4

வேட்பாளரை அறிவித்துவிட்டார்கள். ஆடைக் கம்பெனியில் துணி செக்கிங் பார்க்கும் பெண். எல்லோருக்கும் ‘செக்கிங் அக்கா’. மேடை ஏற்றினால் நாலு வார்த்தை கோர்வையாக வராது. தொழிலாளர் கட்சி என்று சொல்லிக்கொண்டு, போன இரண்டு தேர்தலிலும் கண்ணாடித் தொழிற்சாலைத் தெருவில்தான் மண்ணைக் கவ்வினோம். இந்த முறையும் அந்தத் தெரு கைவிட்டால் இந்த வார்டில் கொடி கட்டவும் ஆள் இருக்காது. பரவாயில்லை, பிரச்சார ஆட்டோவில் என் குரல் இருக்கிறது.

மார்ச் 9

அவமானம். காலையில் ஆட்டோ அந்தத் தெருவில் நுழைந்ததுமே, “அண்ணே, மைக்கை அணைச்சிடுங்க. நைட் ஷிப்ட் பார்த்தவங்க தூங்கறாங்க” என்கிறாள் செக்கிங் அக்கா. கட்சிக்காகத் தொண்டை கிழியக் கத்தினவன் நான் — என்னையா? இறங்கி வீட்டுக்கு வந்துட்டேன். ஊமைப்படம் ஓட்டட்டும், யாரு வேணாம்னா?

மார்ச் 10

ஆறுதல் தேடித் தங்கை வீட்டுக்குப் போனேன். அதே தெருதான். பட்டப்பகலில் ஜன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்டிருந்தாள். உள்ளே மாப்பிள்ளை தூக்கம். இரவெல்லாம் உலை முன்னால் நிற்கிறவர்.

தங்கை குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “உன் ஆட்டோ வந்தாலே தலைகாணியைக் காதுல வெச்சு அமுக்கிப்பாரு. அண்ணனாச்சேன்னு நான் வாயைத் திறக்கலை.”

காபி குடிக்காமலே எழுந்து வந்தேன்.

மார்ச் 11

ஆட்டோவில் மறுபடி ஏறிக்கொண்டேன். செக்கிங் அக்கா தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

மார்ச் 15

ஷிப்ட் விடும் நேரத்தில் தொழிற்சாலை வாசல். பேச்சு கிடையாது. டீக்கடையில் நின்று கேட்டுக்கொண்டாள். அந்த நேரத்துக்குப் பஸ் இல்லையாம். ராத்திரி முழுக்க நின்ற காலோடு நடந்தே வருகிறார்கள். “டிப்போவுல பேசறேன். என்ன சொன்னாங்கன்னு அடுத்த வாரம் வந்து சொல்றேன்.” அவ்வளவுதான் வாக்குறுதி. நானாயிருந்தால் வாசலுக்கே விமானம் விட்டிருப்பேன்.

மார்ச் 22

டிப்போவில் கையை விரித்துவிட்டார்கள். “வெறுங்கையோட அங்க எதுக்கும்மா?” என்று தடுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை.

“இப்போதைக்கு முடியாதுன்னுட்டாங்க. ஜெயிச்சாலும் தோத்தாலும் மறுபடி போய்க் கேப்பேன்” என்று தொழிற்சாலை வாசலில் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் முகத்தைப் பார்த்தே சொன்னாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். கூட்டம் நகரவில்லை. மாப்பிள்ளைதான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “இல்லைன்னு சொல்றதுக்காகத் திரும்பி வந்த மொத ஆளு இவங்கதான்” என்றார்.

எத்தனையோ தலைவர்களுக்குக் கூலிக்குப் போட்டது போல ‘வாழ்க’ போட்டிருக்கிறேன். இன்றைக்குத்தான் மனசாரப் போடத் தோன்றியது. வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 30

இப்போதெல்லாம் அவள் பக்கத்தில் நின்று காது கொடுப்பதுதான் என் வேலை. கத்துவதைவிடக் கஷ்டம்.

ஏப்ரல் 12

ஜெயித்துவிட்டோம். கண்ணாடித் தெருதான் தூக்கிவிட்டது.

நன்றி சொல்லக் காலையிலேயே கிளம்பினோம். தெருமுனை வந்ததும் யாரும் சொல்லாமல் நானே மைக்கை அணைத்தேன். ஆட்டோ மெல்ல ஊர்ந்தது. தங்கை வீட்டு ஜன்னலில் கம்பளியைக் காணோம். வீட்டுக்கு வீடு வாசலில் ஆட்கள். மாப்பிள்ளை, சிவந்த கண்ணோடு ஆட்டோவிடம் வந்தார்.

“என்ன மச்சான், சத்தத்தையே காணோம்? இன்னிக்கு நாங்க யாரும் படுக்கலை. போடுங்க மைக்கை.”

போட்டேன். பேச்சுதான் வரவில்லை.