வீட்டுக் கணக்கில் ஒரு விமானம்

என் அன்பு மகள் வாலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறீர்கள் என்றே நம்புகிறேன். மாடிக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, எதிர்வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது, வேறு விசேஷம் இல்லை.

போன வாரம் பேசும்போது இந்த வருஷம் வரப்போவதில்லை என்று சொன்னாய். போன வருஷம் அம்மா கண்ணை மூடியபோது வந்து போனதோடு சரி. விமானம் கக்குற புகைய நெனச்சா மனசு ஒப்பலப்பா, நீங்கதானே எனக்குப் பாடமே நடத்தினீங்க என்றாய். சரிம்மா என்று போனை வைத்துவிட்டேன், அறிவியல் வாத்தியார் வேறு என்ன சொல்வது? அன்றைக்குச் சமைக்கப் பிடிக்காமல் ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்தேன்.

வேடிக்கை என்னவென்றால், மறுநாளே ஒன்பதாம் வகுப்பில் பருவநிலை மாற்றப் பாடம். பிள்ளைகளின் வீட்டுக் கணக்கை நான் கேட்பதில்லை, ஒருவன் வீட்டில் இரண்டு கார் நிற்கும், இன்னொருத்தி வீட்டில் ஒரு ஃபேன்கூட இருக்காது, எதற்குச் சங்கடம் என்று எப்போதும் நம் வீட்டையே கரும்பலகையில் ஏற்றிவிடுவேன். கரண்ட், கேஸ், பஸ் என்று போன வருஷம் நாம் மேலே அனுப்பிய கரியமில வாயு எவ்வளவு, அது போர்வை மாதிரி பூமியைச் சுற்றிக்கொண்டு சூட்டை எப்படி வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது என்றெல்லாம் சொல்லி ஒவ்வொன்றுக்கும் அதன் அளவுக்குத் தக்க நீளத்தில் ஒரு கோடு போட்டேன். அம்மாவின் சிக்கனம் தெரிந்ததுதானே, எந்தக் கோடும் ஒரு சாணைத் தாண்டவில்லை, சார் ரொம்ப நல்லவரு என்று கை தட்டினார்கள். முதல் பெஞ்சில் ஒருத்தி இருக்கிறாள், எதற்கெடுத்தாலும் வாதாடுவாள், வக்கீல் என்று பேர் வைத்திருக்கிறேன். அக்கா விமானத்துல வந்தாங்களே சார், அது எங்க என்று எழுந்துவிட்டாள். அது அவ கணக்கும்மா, என் கணக்குல வராது என்றேன். அதெப்படி சார், உங்களப் பாக்கத்தானே வந்தாங்க, அப்ப அது உங்க வீட்டுக் கணக்குதான் என்றாள். சரியென்று போட ஆரம்பித்தால் கோடு கரும்பலகையைத் தாண்டிப் போகிறது, நாற்காலிமேல் ஏறிச் சுவரில் இழுத்தேன், வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தப் பக்கம் வந்த தலைமையாசிரியை, சுவத்துல என்ன கிறுக்கல் சார் என்று கேட்க, என் மக வந்துபோன கோடு மேடம் என்றேன், பாவம், அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், அப்ப அக்காவ வர வேணாம்னு சொல்லிடுங்க சார் என்றான். வக்கீல் திரும்பி அவனை முறைத்து, அப்ப சார் யாரோட இருப்பாரு என்று கேட்டாள். சுவரைத் துடைக்கிற சாக்கில் நான் திரும்பி நின்றுகொண்டேன். அப்புறம் அவர்களே பேசி முடித்தார்கள், அக்கா அடிக்கடி வர வேண்டாம், வந்தால் பத்து நாளில் ஓடாமல் ஒரு மாசம் இருக்க வேண்டும் என்று.

நீ புகைக்காகத்தான் வரவில்லையென்றால் எனக்குப் பெருமைதான், நியாயமும் உன் பக்கம்தான், நான் வாய் திறக்கமாட்டேன். ஆனால் போன முறை அம்மாவின் அறைக்குள் நீ ஒருதரம்கூட நுழையவில்லை, வாசலோடு திரும்பிவிடுவாய், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அம்மா இல்லாத வீட்டுக்கு வரப் பயமாக இருந்தால் அதைச் சொல், பழியை விமானத்தின்மேல் போடாதே. எனக்கும் பயம்தான். சாயங்காலம் பள்ளி விட்டு வந்து பூட்டைத் திறக்க மனம் வராமல் தெருவை இன்னொரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன். அவளுடைய துணிமணியெல்லாம் அலமாரியில் அப்படியே இருக்கிறது, தனியாகத் தொட என்னால் ஆகவில்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். ஒருவருக்கொருவர் துணையாக, ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். மறக்காமல் பதிலைக் கடிதமாகவே போடு, போனில் வேண்டாம். போனில் நாம் இரண்டு பேருமே நன்றாகச் சிரித்துவிடுகிறோம்.

உன் வரவையோ உண்மையையோ எதிர்பார்க்கும்,
அப்பா